ஆட்டக் குறிப்பு இல்லாத உலகச் சாம்பியன்கள்

2023 டிசம்பரில் எண்ணூர் இரண்டு முறை தலைப்புச் செய்தியானது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கலந்து வந்த எண்ணெய் கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் படிந்தது முதல் முறை. மூன்று வாரங்களுக்குள் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீடுகளை விட்டு ஓடியது இரண்டாம் முறை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையிலான கடலோரப் பட்டை செய்தித்தாள்களில் இடம்பெறும் வழக்கமான காரணங்கள் இவைதாம்: கசிவு, விபத்து, கொலை. அதற்கு அடுத்த ஆண்டு நவம்பரில் அதே பகுதியிலிருந்து வேறு வகையான செய்தி ஒன்று வந்தது. அமெரிக்காவில் நடைபெற்ற கேரம் உலகக் கோப்பையில், புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த காசிமா மகளிர் தனிநபர், இரட்டையர், குழு ஆகிய மூன்று பிரிவுகளிலும் தங்கம் வென்றார். ஆட்டோ ஓட்டுநரின் மகள், வயது 17. பின்னர் 2025 டிசம்பரில் மாலத்தீவில் நடந்த அடுத்த உலகக் கோப்பையில் காசிமேட்டைச் சேர்ந்த கீர்த்தனா வென்றார்.

அடுத்தடுத்த இரண்டு உலகக் கோப்பைகள் சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள் வந்து சேர்ந்திருக்கின்றன. வேறெந்த விளையாட்டிலாவது இப்படி நேர்ந்திருந்தால், அந்தப் பகுதியின் பயிற்சி முறையைப் பற்றி இந்நேரம் நூல்கள் வெளிவந்திருக்கும். கேரம் என்பதால் வாழ்த்துச் செய்தியோடு நின்றுவிட்டோம்.

காசிமா வென்ற சில வாரங்களில், 2024 டிசம்பர் 12 அன்று, சென்னையைச் சேர்ந்த குகேஷ் உலகச் சதுரங்கச் சாம்பியன் ஆனார். தமிழ்நாடு அரசு அவருக்கு 5 கோடி ரூபாய் அறிவித்தது. அப்போதுதான் சமூக ஊடகங்களில் ‘காசிமாவுக்கு என்ன?’ என்ற கேள்வி பெரிதாக எழுந்தது. அந்த ஆண்டின் கடைசி நாளில் அவருக்கு 1 கோடி ரூபாய் வழங்கப்பட்டது. தொகைகளுக்கு இடையிலான வேறுபாட்டை வைத்து அப்போது நடந்த விவாதம் பெரும்பாலும் சாதி, மதம், பகுதி, வர்க்கம் என்று சுழன்றது. அந்தக் கோணங்களில் உண்மை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், அதில் ஒரு கேள்வி தவறிப்போனது. ஒரு விளையாட்டு வீரரின் திறமையை மதிப்பிட நம் கையில் என்ன சான்று இருக்கிறது?

குகேஷும் டிங் லிரெனும் சிங்கப்பூரில் ஆடிய 14 ஆட்டங்களின் ஒவ்வொரு நகர்த்தலும் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. நூறாண்டுகள் கழித்தும் ஒரு மாணவர் அதைப் பலகையில் அடுக்கிப் பார்த்து, ‘இங்கே ஏன் யானையை நகர்த்தினார்?’ என்று கேட்க முடியும். கூடைப்பந்தில் யார் எத்தனை கூடை போட்டார், எத்தனை முறை பந்தைத் தவறவிட்டார் என்பதற்குக் கணக்குத் தாள் உண்டு. கிரிக்கெட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கேரத்திலோ எஞ்சுவது வென்றவரின் பெயரும் புள்ளிகளும் மட்டுமே. பலகையில் நடந்தது பவுடரோடு துடைக்கப்பட்டுவிடுகிறது.

ஏ.மரிய இருதயத்தை எடுத்துக்கொள்வோம். 1991இல் டெல்லியில் நடந்த முதல் உலகக் கேரம் சாம்பியன் போட்டியை வென்றவர் அவர். 1995இல் கொழும்பில் நடந்த இரண்டாவது போட்டியிலும் அவரே வென்றார். ஒன்பது முறை தேசியச் சாம்பியன். 1996ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது, கேரம் விளையாட்டுக்காக முதன்முதலில் வழங்கப்பட்டது அவருக்குத்தான். சென்னைக்காரர். விளையாடிய காலத்துக்குப் பிறகு பயிற்சியாளராகவும் நிர்வாகியாகவும் இந்த ஆட்டத்தோடே இருப்பவர். இத்தனையும் சொன்ன பிறகு, அவர் எப்படி ஆடினார் என்று கேட்டால் விடை சொல்ல எழுத்தில் எதுவும் இல்லை. பழைய ஆட்டக்காரர்களின் நினைவில் இருக்கிறது, அவர்களோடு போய்விடும்.

ஒன்பது தேசியப் பட்டங்கள் என்பதன் பொருளைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இந்தியாவில் கேரம் ஆடாத ஊர் இல்லை. மகாராஷ்டிரமும் ஆந்திரமும் தமிழ்நாடும் பொதுத்துறை நிறுவனங்களின் அணிகளும் தலைமுறை தலைமுறையாக வீரர்களை உருவாக்கி அனுப்பும் களம் அது. சர்வதேசக் களத்தில் இந்தியாவையும் இலங்கையையும் விட்டால் போட்டி குறைவு என்பது உண்மைதான். அதனால் உலகப் பட்டத்தைவிடத் தேசியப் பட்டமே கடினமானது என்று ஆட்டக்காரர்கள் சொல்வதுண்டு. அந்தக் களத்தில் ஒன்பது முறை முதலிடம் பிடிக்க, கையின் துல்லியம் மட்டும் போதாது.

பலகையின் கணக்கு

வீட்டில் விடுமுறை நாளில் ஆடும் கேரத்தையும் போட்டிக் கேரத்தையும் ஒன்றென்று நினைப்பதில்தான் இந்த ஆட்டத்தைக் குறைத்து மதிப்பிடுவது தொடங்குகிறது. ஆடுதளம் 74 செ.மீ. சதுரம். காயின் விட்டம் அதிகபட்சம் 3.18 செ.மீ.; குழியின் விட்டம் 4.45 செ.மீ. அதாவது, காய் நேராகக் குழிக்குள் விழ இரு பக்கமும் சேர்த்துக் கிடைக்கும் இடைவெளி 1.27 செ.மீ. ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்குள் இருக்க வேண்டும். காய் 5 முதல் 5.5 கிராம். தன்னைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கனமான பொருளால் அடிக்கப்படும் காய் எங்கே போகும் என்பதோடு, அடித்த ஸ்ட்ரைக்கர் எங்கே போய் நிற்கும் என்பதையும் கணக்கிட வேண்டும். ஸ்ட்ரைக்கரும் குழிக்குள் விழக்கூடியதுதான். விழுந்தால் ஃபைன், போட்ட காயை எடுத்து நடுவில் வைக்க வேண்டும்.

இவையெல்லாம் அடிப்படை. இதற்கு மேல்தான் ஆட்டம் ஆரம்பிக்கிறது. ஒரு போர்டில் வென்றவருக்கு, எதிராளியின் எத்தனை காய்கள் பலகையில் எஞ்சி நிற்கின்றனவோ அத்தனை புள்ளிகள். சிவப்புக் காயைப் போட்டு, அதைத் தொடர்ந்து தன் காய் ஒன்றையும் போட்டு உறுதிசெய்தவருக்கு மூன்று புள்ளிகள் கூடுதல். ஆனால், 21 புள்ளிகள் வரைதான் அந்த மூன்று கிடைக்கும். 22ஐத் தொட்டவருக்குச் சிவப்பால் பயன் இல்லை. 25 புள்ளிகள் அல்லது எட்டு போர்டுகள், இதில் எது முன்னதோ அதோடு ஓர் ஆட்டம் முடியும். மூன்றில் இரண்டு ஆட்டங்கள் வென்றவர் வெற்றியாளர்.

இந்த விதிகளின் விளைவை யோசித்துப் பாருங்கள். 18 புள்ளிகளில் இருப்பவரும் 22 புள்ளிகளில் இருப்பவரும் ஒரே பலகையைப் பார்த்தாலும் அவர்களுக்கு அது வேறு வேறு பலகை. முன்னவருக்குச் சிவப்பு ஒரு வாய்ப்பு. பின்னவருக்கு அது எதிராளியின் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய சுமை. தோற்கப் போகும் போர்டில்கூட, இன்னும் இரண்டு காய்களைப் போட்டுவிட்டுத் தோற்றால் எதிராளிக்கு இரண்டு புள்ளிகள் குறையும். நல்ல ஆட்டக்காரர் தோல்வியின் அளவையும் கட்டுப்படுத்துகிறார். எட்டாவது போர்டில் ஒரு புள்ளி வித்தியாசத்தில் வெல்பவர், மூன்றாவது போர்டில் சிக்கனமாகத் தோற்றவராக இருப்பார். பார்வையாளர் கைதட்டுவது எட்டாவது போர்டுக்கு.

வலப்புறக் குழிக்கு நேராக நிற்கும் சுலபமான காயைப் போடாமல் விட்டுவிட்டு, மூலையில் நெருக்கமாகக் கிடக்கும் காயைக் கலைக்கிறார் ஒருவர். வேடிக்கை பார்ப்பவருக்கு அது முட்டாள்தனமாகத் தெரியும். அந்தச் சுலபமான காய், எதிராளியின் காய்க்கு வழியடைத்து நிற்கிறது. அதை எடுத்துவிட்டால் வழி திறந்துவிடும். தண்டையார்பேட்டையில் ஒரு மன்றத்தின் வாசலில் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரியவர் இதை எனக்கு விளக்கினார். துறைமுகத்தில் சுமை தூக்கிய கை. ஆட்காட்டி விரலின் நகம் பாதி இல்லை. “போடத் தெரிஞ்சவன் ஆயிரம் பேர் இருக்கான் தம்பி, விடத் தெரிஞ்சவன்தான் ஆட்டக்காரன்” என்றார். சதுரங்கத்தில் இத்தகைய ஒரு நகர்த்தலுக்கு விமர்சகர்கள் ஆச்சரியக்குறி இட்டுக் கொண்டாடுவார்கள். இங்கே அதை யாரும் குறித்து வைப்பதில்லை.

கடற்கரையை ஒட்டிய பகுதியில் ஆடுவதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. காற்றில் ஈரம் ஏறினால் பவுடர் பிசுபிசுக்கும், போர்டு கனத்துவிடும். பிற்பகலில் வழுக்கிக்கொண்டு ஓடிய காய் இரவு எட்டு மணிக்குப் பாதி வழியில் நிற்கும். பலகைக்கு மேலே தாழத் தொங்கும் பல்பு வெளிச்சத்துக்கு மட்டுமல்ல. அதன் சூடு பலகையை உலர்த்தும். மணிக்கு மணி மாறும் தளத்தில் வளர்ந்த கை, எந்த ஊர்ப் பலகையையும் நான்கு சுண்டுகளில் படித்துவிடும். இது என் ஊகம்தான். ஆனால், குளிரூட்டப்பட்ட அரங்குகளில் வெளிநாட்டுப் பலகைகளில் போய் வென்று வருபவர்கள் இந்தத் தெருக்களிலிருந்தே வருவதற்கு வேறு காரணங்களோடு இதுவும் ஒன்றாக இருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஏன் இங்கே?

வேறு காரணங்கள் வெளிப்படையானவை. மீன்பிடித் துறைமுகம், சரக்குத் துறைமுகம், ஆலைகள், கிடங்குகள் ஆகியவற்றுக்கு இடம் கொடுத்தது போக மக்களுக்கு மிஞ்சியது குறுகலான சந்துகளும் ஓரறை வீடுகளும். மைதானம் தேவைப்படும் விளையாட்டு ஆடம்பரம். கேரத்துக்கு வேண்டியது நான்கு பேர் உட்காரும் இடம், ஒரு பலகை, ஒரு விளக்கு. கட்சிப் படிப்பகமும் நடிகர் மன்றமும் அதைத் தந்தன. ஷிப்ட் முடிந்து வருபவரும், கடலுக்குப் போகாத நாளில் மீனவரும் அந்தப் பலகையைச் சுற்றி நின்றார்கள். வெற்றிமாறனின் ‘வடசென்னை’ 2018இல் வெளிவந்தபோது, அதன் நாயகன் அன்பு கேரம் ஆட்டக்காரனாக இருந்தது பலருக்குப் புதுமையாகத் தோன்றியது. இங்குள்ளவர்களுக்கு அதில் வியப்பு ஏதும் இருந்திருக்காது. சர்வதேசக் கேரம் கூட்டமைப்பே 1988இல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால், தெருப்பலகை ஆண்களின் இடம். இரவு பத்து மணிக்கு மன்ற வாசலில் ஒரு பெண் குழந்தை நின்று ஆட முடியாது. அப்படியிருக்க, கடந்த இருபது ஆண்டுகளில் வடசென்னைக்கு வந்த பெரிய பட்டங்களை வென்றவர்கள் பெண்களாக இருப்பது எப்படி? காசிமாவின் தந்தை ஆட்டோ ஓட்டும் நேரம் போகப் பிள்ளைகளுக்குக் கேரம் பயிற்சி அளிப்பவர். தெருவிலிருந்த பலகை ஒரு பயிற்சி மையத்துக்குள் போனதும், அதுவரை வெளியே நின்றவர்கள் உள்ளே வர முடிந்தது. இதை ஒரு தனி மனிதர் தன் சொந்த முயற்சியில் சாதித்திருக்கிறார். அவருக்குப் பயிற்சியாளர் என்ற பதவியோ ஊதியமோ தருவதற்கு நம்மிடம் முறையான ஏற்பாடு இல்லை.

இந்த வரிசையில் மிகவும் மறக்கப்பட்டவர் இளவழகி. வியாசர்பாடியைச் சேர்ந்தவர். மீன்பாடி வண்டி ஓட்டியவரின் மகள். 2008இல் பிரான்ஸின் கான் நகரில், திரைப்பட விழாவுக்குப் பெயர்போன அதே அரங்க வளாகத்தில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் இறுதியாட்டத்தில், பிகாரின் ரஷ்மி குமாரியை வீழ்த்திப் பட்டம் வென்றார். ரஷ்மி குமாரியைப் பற்றித் தெரிந்தவர்களுக்கே அந்த வெற்றியின் எடை புரியும். இந்திய மகளிர் கேரத்தை நீண்ட காலம் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தவர் அவர். கான் இறுதியாட்டத்தின் போர்டு வாரியான விவரத்தை இன்று யாராவது தேடினால் எங்கே கிடைக்கும்? காசிமாவின் வெற்றி பற்றி 2024இல் நான் படித்த செய்திகளில் இளவழகியின் பெயர் இருந்தவை மிகச் சில. பதினாறு ஆண்டுகளில் ஓர் உலகச் சாம்பியனை அவர் ஊரே ஏறக்குறைய மறந்துவிட்டது. இன்று காசிமாவையும் கீர்த்தனாவையும் கொண்டாடுபவர்கள் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. 2040இல் அவர்களுக்கு முப்பதைச் சற்றுத் தாண்டிய வயதுதான் இருக்கும்.

கேரத்தின் தனிச் சிக்கல் மட்டுமல்ல இது. அனிதா பால்துரை பதினெட்டு ஆண்டுகள் இந்திய மகளிர் கூடைப்பந்து அணிக்கு ஆடியவர். எட்டு ஆண்டுகள் அணித்தலைவராக இருந்தவர். தாய்மைக்குப் பிறகு களத்துக்குத் திரும்பியவர். 2021இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோதுதான் சென்னையிலேயே பலர் அவர் பெயரை முதன்முறையாகக் கேட்டார்கள். ஆனால், அவர் ஆடிய ஆட்டங்களுக்குக் கணக்குத் தாள்கள் இருக்கின்றன. ஆர்வமுள்ள ஒருவர் நாளை உட்கார்ந்து அவருடைய விளையாட்டு வாழ்க்கையை எழுதிவிட முடியும். மரிய இருதயத்தைப் பற்றியோ இளவழகியைப் பற்றியோ அப்படி எழுத முடியாது.

எதிர்வாதமும் பதிலும்

கேரம் ஒலிம்பிக்கிலும் இல்லை, ஆசிய விளையாட்டிலும் இல்லை. பிறகு எதற்கு இத்தனை முக்கியத்துவம் என்று கேட்பவர்கள் உண்டு. சதுரங்கமும் ஒலிம்பிக் போட்டிகளில் இல்லை, கபடியும் இல்லை. உலகச் சதுரங்கப் பட்டத்துக்கான போட்டியின் ஆழமும் கேரம் உலகக் கோப்பையின் ஆழமும் ஒன்றல்ல என்று இன்னொரு வாதம். இதை நான் ஏற்கிறேன். சதுரங்கம் ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் முறையாக ஆடப்படுகிறது. கேரத்தில் உண்மையான போட்டி ஒரு சில நாடுகளுக்குள்தான். எனவே, இரண்டு சாம்பியன்களுக்கும் ஒரே தொகை என்ற கோரிக்கையை என்னால் ஆதரிக்க முடியவில்லை. அந்தக் கோரிக்கை, காசிமாவின் திறமையை வேறொருவரின் காசோலையை வைத்து அளப்பதில் போய் முடிகிறது.

அரசின் பக்கம் ஒன்றும் நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. காசிமாவின் அமெரிக்கப் பயணத்துக்குத் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை உதவியது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் கேரம் இடம்பெற்றிருக்கிறது. மத்திய அரசுப் பணிகளுக்கான விளையாட்டு இடஒதுக்கீட்டுப் பட்டியலிலும் கேரம் உண்டு. அந்த வழியாகவே பொதுத்துறை நிறுவனங்களில் சேர்ந்து, வாழ்க்கை நிலைபெற்ற ஆட்டக்காரர்கள் பலர். கேரம் ஆட்டக்காரருக்குத் தொழில்முறைத் தொடர்கள் இல்லை, ஏலம் இல்லை, விளம்பர வருவாய் இல்லை. வேலை ஒன்றுதான் அவருக்குக் கிடைக்கும் ஊதியம். அந்த வேலைவாய்ப்புகள் சுருங்கினால், பரிசுத் தொகை எத்தனை கோடியானாலும் அது ஒருவருக்குத்தான் போய்ச் சேரும். அவருக்குப் பின்னால் இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது இடங்களில் இருப்பவர்கள் ஆட்டத்தை விட்டுவிடுவார்கள். பத்தாவது இடத்தில் இருப்பவர் ஆடிக்கொண்டிருப்பதால்தான் முதலிடத்தில் இருப்பவர் கூர்மையாகிறார். புதுவண்ணாரப்பேட்டையிலிருந்தும் காசிமேட்டிலிருந்தும் அடுத்தடுத்து இரு சாம்பியன்கள் வந்ததன் ரகசியம், அவர்களோடு நாள்தோறும் மோதித் தோற்ற பெயர் தெரியாத பிள்ளைகளிடம் இருக்கிறது.

வேலைவாய்ப்பை விரிவாக்குவது செலவுள்ள காரியம், விவாதிக்க வேண்டிய காரியம். ஆட்டத்தைப் பதிவு செய்வதற்கு அத்தகைய தடை ஏதும் இல்லை. கேரத்துக்குப் பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட குறியீட்டு முறை இல்லை என்றால், உருவாக்கிக்கொள்ளலாம். சதுரங்கத்துக்கும் ஒரு காலத்தில் யாரோ உருவாக்கியதுதான். எந்தப் போர்டில் யார் முதலில் அடித்தார், சிவப்பை எந்தக் கட்டத்தில் எடுத்தார், எத்தனை முறை காய் போடாமல் தற்காத்தார், எதிராளிக்கு எத்தனை காய்களை விட்டுவைத்தார் என்ற நான்கைந்து விவரங்களைக் குறித்தாலே ஓர் ஆட்டக்காரரின் குணம் துலங்கிவிடும். மாநிலப் போட்டிகளிலிருந்து அதைத் தொடங்கலாம். நடுவர் எப்படியும் ஒரு தாளை வைத்துக்கொண்டுதான் அமர்ந்திருக்கிறார். அதில் இன்னும் சில கட்டங்கள் அச்சிட வேண்டும், போட்டி முடிந்ததும் அந்தத் தாளைக் கிழித்துப் போடாமல் வைத்திருக்க வேண்டும்.

மரிய இருதயமும் அவர் காலத்து ஆட்டக்காரர்களும் இன்னும் நம்மிடையே இருக்கும்போதே, அவர்கள் எதிரே ஒரு பலகையைப் போட்டு, 1991 டெல்லியிலும் 1995 கொழும்பிலும் என்ன நடந்தது என்று காய்களை வைத்துக் காட்டச் சொல்லிப் படம்பிடிக்கலாம். இளவழகியை அழைத்து, கான் இறுதியாட்டத்தை நினைவிலிருந்து ஆடிக் காட்டச் சொல்லலாம். பலகைக்கு மேலே பல்பு தொங்கும் அதே இடத்தில் ஒரு கேமராவைத் தொங்கவிட்டால் போதும்; படம்பிடிக்க வேண்டிய பரப்பு 74 செ.மீ. சதுரம்தான்.